மூன்றாம் ஓலை

அத்தியாயம் 17

சென்ற வாரம் டாக்டர் சார்லஸை அவருடைய தந்தை கட்டிய வீட்டின் வாசலில், கையில் பெட்டியுடன் நிறுத்திவிட்டு வந்தோம். கதவைத் திறந்தவள் அவருடைய தங்கை ஜான்சி. திறந்தாளே அன்றி வழிவிடவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அவர் மகள் ஜெனிதா, "அத்தை, பாத்ரூம் போகணும்" என்று சொன்ன பிறகே அந்தக் கதவு முழுமையாகத் திறந்தது.

டாக்டர் சார்லஸ் யார் என்பதைப் புதிதாக வருவோர்க்குக் கூறிவிடுவது முறையாகும். மரக்காணத்து உப்பளக் கரையில், சூசையப்பர் பேட்டை என்னும் சிற்றூரில் பிறந்தவர். பொது நிர்வாகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சென்னையில் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கி, பின்னர் அரசின் ஆலோசகராக உயர்ந்தவர். நிர்வாகச் சீரமைப்பு ஆணையத்தின் தலைமைப் பதவி இந்த வாரமே அவருக்கு வரவிருந்தது. அந்தப் பதவிக்கும் அவருக்கும் நடுவே ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை நின்றது. அந்த ஞாயிறு விடிந்துவிட்டது.

அவரது புகழுக்குக் காரணமான விதியின் பெயர் 'மும்முறை அறிவிப்பு'. அதன் பொருளை எளிமையாகச் சொல்லலாம். அரசு ஒரு நிலத்தை எடுக்க எண்ணினால், அந்த ஊர் கூடும் இடத்திலேயே மூன்று ஞாயிறு அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். குத்தகைதாரர் எழுந்து நின்று, ஊர் கேட்க வாய்விட்டு ஆட்சேபிக்க வேண்டும். மூன்றாம் வாசிப்பு முடியும்வரை வாய் திறவாதவரின் நிலம், இசைவுடன் கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

ஏழைகளின் மனுக்கள் கோப்புகளுக்குள் புதைந்து மடிவதைத் தம் பணிக்காலம் முழுவதும் கண்டவர் அவர். காகிதத்தை யாரும் மறைத்துவிடலாம், ஊரே கேட்ட குரலை யாரும் மறைக்க இயலாது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையில் பிழை கண்டவர் அதுவரை எவருமிலர்.

அவ்விதியின் முதற் சோதனைக்கு அரசு தேர்ந்தெடுத்த இடம் அவருடைய சொந்த ஊர். உப்பளங்களை எடுத்துச் சூரிய மின்தகடுகள் பதிப்பது திட்டம். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டிலும் ஓர் உயிர்கூட வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாசிப்பைத் தம் கண்ணால் காண டாக்டர் சார்லஸ் வந்திருந்தார். அவருடைய விதியையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்த ஜெனிதாவும் உடன் வந்திருந்தாள்.

காலை உணவுக்கு இட்லியும் சங்கரா மீன் குழம்பும் பரிமாறப்பட்டன. டாக்டர் சார்லஸ் ஒரு துண்டை வாயில் வைத்தார். வைத்தவர் தங்கையை ஏறிட்டுப் பார்த்தார்.

"குழம்புல உப்பு இல்ல."

"தெரியும்" என்றாள் ஜான்சி.

"மறந்துட்டியா?"

"மறக்கறதுக்கு இன்னா இருக்குது? அளத்த எடுத்து கரண்ட்டு கம்பெனிக்குக் குடுக்கறவங்க உப்பு இல்லாம தின்னு பழகிக்கணும்ல. ரொம்ப வேணும்னா கடையில பாக்கெட்டு விக்குது."

ஜெனிதாவின் தட்டில் இருந்த குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அவளுக்கு மட்டும் தனிச் சட்டியிலிருந்து ஊற்றியிருக்கிறாள் அத்தை. அது புரிந்ததும் அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

டாக்டர் சார்லஸ் உப்பில்லாத குழம்பையே தொட்டுக்கொண்டு, எவ்வித முகமாற்றமும் இன்றி இட்லிகளை உண்டு முடித்தார். அவமதிப்பைச் செரித்துக்கொள்வது நிர்வாகியின் முதற் பயிற்சி என்று மாணவர்களுக்குப் போதித்தவர் அவர். ஆனால் கை கழுவும்போது குழாயை வேண்டியதற்கும் மேலாகத் திருகினார். தண்ணீர் சட்டையில் தெறித்தது.

இவ்விருவருக்கும் நடுவே கிடந்த வழக்கு இதுதான். தந்தை இருதயநாதன் இறந்தபின் அவருடைய உப்பளத்தின் குத்தகை மூத்த மகன் சார்லஸின் பெயருக்கு மாறியது. அளத்தில் இறங்கி உழைத்தவள் ஜான்சி. பாத்தி மிதித்துப் பதப்படுத்துவதும், உப்பங்கழி நீரைத் தேக்குவதும், வேலைக்கு வரும் பெண்களுடன் சேர்ந்து உப்பு வாருவதும் அவள் வாழ்க்கையாயின. குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றித் தருமாறு அவள் பலமுறை கேட்டுவிட்டாள். பிறகு பார்க்கலாம் என்பதே ஒவ்வொரு முறையும் வந்த மறுமொழி.

விதியின்படி, பெயர் இல்லாதவளுக்கு இன்று எழுந்து நிற்கும் உரிமை இல்லை. அவள் அண்ணனுக்கு உண்டு.

கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அவள் அதையே மறுபடியும் கேட்டாள். இன்று ஒரு நாளைக்கு மட்டும் அவர் எழுந்து நின்று வேண்டாம் என்று சொன்னால் போதும், வேறெதுவும் தேவையில்லை என்றாள்.

"நான் அரசோட ஆலோசகர் ஜான்சி. என்னால எப்படி ஆட்சேபிக்க முடியும்?"

"அண்ணன் எப்போ? அதுக்குன்னு ஏதாவது டைம் வெச்சிருக்கிறியா?"

அவர் வாசலை நோக்கி நடந்தார். அரசு வாகனம் அவருக்காகக் காத்திருந்தது. ஜெனிதா அதில் ஏறவில்லை. அத்தையுடன் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டாள்.

வீட்டிலிருந்து, அறிவிப்பு வாசிக்கப்படும் கோவிலுக்கு உப்பளங்களின் ஊடே ஒரு வரப்பு செல்கிறது. காலை வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. உப்பங்கழியிலிருந்து நீர் ஏறும் மதகு ஜான்சியின் அளத்தின் தலைமாட்டிலேயே இருந்தது. அங்கிருந்துதான் பேட்டையின் எல்லா அளங்களுக்கும் வாய்க்கால் பிரிந்தது. இந்த ஓர் அளம் போய்விட்டால், மற்றவர்களின் பாத்திகளுக்குச் சொட்டு நீரும் ஏறாது. ஜான்சி அந்த மதகைக் காலால் சுட்டிக்காட்டிச் சொன்னபோது, அதில் பெருமையைவிடக் கோபமே மிகுந்திருந்தது.

இத்தனை பேரின் பிழைப்பு போகும் நிலையில், இரண்டு ஞாயிறும் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று ஜெனிதா கேட்டாள். அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் இயலில், சூசையப்பர் பேட்டை மக்கள் திட்டத்தை முழுமனதுடன் ஏற்றனர் என்று எழுதியாகிவிட்டது.

ஜான்சி நின்றாள். "யாரு சொன்னா வாய் தொறக்கலன்னு? எல்லாரும் சொல்லியாச்சு. ஃபாதர் கிட்ட."

பின்னர் நடந்துகொண்டே அவள் விளக்கியது இது.

பேட்டையில் ஒரு திருமணம் உறுதியானால், மூன்று ஞாயிறு திருப்பலியில் மணமக்களின் பெயரைப் பங்குத்தந்தை வாசிப்பார். அதற்குக் கல்யாண ஓலை என்று பெயர். தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆயினும் எழுந்து நின்று எவரும் சொல்வதில்லை. நிறைந்த கோவிலில் ஒருவன் குடும்பத்தைப் பார்த்து வேண்டாம் என்று கூவுவது பண்பில்லாச் செயல். தடை உள்ளவர், எல்லோரும் கலைந்த பின்னர் சாமியார் என்று ஊர் அழைக்கும் அந்தப் பங்குத்தந்தையின் வீட்டுப் பின்கட்டுக்குச் சென்று காதோடு சொல்லிவிட்டு வருவார். சாமியார் யாரிடமும் அதைப் பேசமாட்டார். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரை வாசிக்கமாட்டார். ஓலை நின்றது என்றால் கல்யாணம் நின்றது என்று ஊர் புரிந்துகொள்ளும். யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று எவரும் கேட்கமாட்டார்.

அரசின் அறிவிப்பையும் கோவில் முற்றத்தில் வைத்தே, மூன்று ஞாயிறு வாசிக்கப் போவதாகச் சொன்னதும், ஊர் அதை ஓலையாகவே எண்ணியது. இரண்டாம் வாசிப்பு முடிந்த அன்று மாலையே சாமியார் வீட்டின் பின்கட்டில் கூட்டம் சேர்ந்தது. அளம் வைத்திருந்த அத்தனை குடும்பமும் தனித்தனியாகச் சென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது. வெளியூர்க்காரரான இளம் பங்குத்தந்தை திகைத்துப்போய் வட்டாட்சியருக்குத் தொலைபேசினார். முற்றத்தில் நின்று சொன்னால் மட்டுமே கணக்கு என்று பதில் வந்தது. அவர் அதை மறுநாள் திருப்பலியிலேயே பிரசங்கத்தில் சொன்னார். ஊர் நம்பவில்லை.

"நானும் ஊடு ஊடா போயி சொன்னேன்டி. எழுந்து சொல்லுங்க, இல்லன்னா போயிடும்னு. 'அதான் சாமிகிட்ட சொல்லியாச்சே, மூணாவது ஓலைய எப்டி வாசிப்பாங்க'ன்னு என்னயே திருப்பிக் கேக்குறாங்க. அதுவும் ஓலையப் பத்தி நான் பேசினா..." ஜான்சி மேலே சொல்லாமல் நிறுத்தினாள்.

காரணம் ஜெனிதாவுக்கு ஓரளவு தெரியும். அவள் பிறப்பதற்கு முன்னர், அத்தைக்கும் ஜெயசீலன் என்பவருக்கும் திருமணம் நிச்சயமாகி இரண்டு ஓலை வாசிக்கப்பட்டது. மூன்றாவது வாசிக்கப்படவில்லை. அத்தை அன்று பட்டுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். தன் பெயர் வருமென்று காத்திருந்து, வராதது கண்டு, கோவில் காலியான பின்னும் எழாமல் இருந்தாளாம். அதற்குச் சில நாள் முன்னர்தான் தாத்தாவுக்குப் பக்கவாதம் கண்டிருந்தது. அதே மாதத்தில் அப்பா டில்லிக்கு ஆராய்ச்சிக்குப் புறப்பட்டார். அத்தை அளத்துடன் தங்கிவிட்டாள்.

இப்போது ஜெனிதாவின் மனத்தில் தைத்தது வேறொன்று. மும்முறை அறிவிப்பு என்னும் கருத்து எங்கிருந்து தோன்றியது என்று அவள் ஆய்வுக்காகத் தந்தையிடம் ஒருமுறை கேட்டிருந்தாள். சொந்தச் சிந்தனை என்று எழுதிக்கொள் என்றார். எழுதிக்கொண்டாள்.

முற்றத்தில் பூவரச மர நிழலில் மேசையும் ஒலிபெருக்கியும் போடப்பட்டிருந்தன. வட்டாட்சியர் அப்பாதுரை கோப்பைத் திறந்து வைத்திருந்தார். திருப்பலி முடிந்து வந்த மக்கள் கலையாமல் நின்றனர். அவர்கள் முகத்தில் கவலை சிறிதும் இல்லை. சில பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். வந்த அதிகாரிகள் வந்த வழியே திரும்பப் போவதை வேடிக்கை பார்க்க நின்றவர்களைப் போலவே இருந்தனர்.

ஜெனிதா தந்தையை ஓரமாக அழைத்துச் சென்றாள். ஊரார் வாசிப்பு நடக்காது என்று நம்பிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். அவர் வாயால் சொன்னால் நம்புவார்கள், ஒரே ஒரு வார்த்தை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"அவங்க ஏன் பேசலன்னு தெரியும். நான் இந்த ஊர்ல பொறந்தவன் ஜெனி."

"தெரிஞ்சுமா அதை சம்மதம்னு எழுத விடறீங்க?"

"நடைமுறை நடக்கும்போது நிர்வாகி நடுவுல பூந்து ஒருத்தருக்கு சொல்லிக் குடுத்தா அதுக்குப் பேரு நடைமுறை இல்ல. சலுகை. உன் தீசிஸ்லயே நீ எழுதியிருக்கே."

"நீங்க சொல்லி எழுதினது அது."

"நல்லாதான் எழுதியிருந்தே" என்று கூறிவிட்டு, அவர் மேசைக்கு அருகே தமக்கெனப் போடப்பட்டிருந்த நாற்காலியில் அமர்ந்தார். மகள் நின்ற பக்கம் அதன்பின் அவர் திரும்பவேயில்லை.

அப்பாதுரை வாசிக்கத் தொடங்கினார்.

முதல் வரி ஒலிபெருக்கியில் கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு நின்றது. இரண்டாம் வரியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நின்றுபோன ஓலை ஒன்று வாசிக்கப்படுவதை அந்த முற்றம் அதுவரை கண்டதில்லை. பலர் பங்குத்தந்தையைத் திரும்பிப் பார்த்தனர். அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். தாம் சொல்லியும் சொன்னது செல்லவில்லை என்ற அதிர்ச்சி ஊரார் வாயை முன்னிலும் இறுகப் பூட்டிவிட்டது. எழுந்து கூவுவதற்கு அந்த நாவுகளுக்குப் பழக்கமில்லை.

வாசித்து முடித்த அப்பாதுரை, குத்தகைதாரர்களில் யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா என்று பொதுவாகக் கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

டாக்டர் சார்லஸ் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜான்சி மேசைக்கு எதிரே வந்து நின்றாள். அவள் பேசுவதற்குள் அவள் அண்ணன் முந்திக்கொண்டார். இவர் குத்தகைதாரர் அல்லர், இவர் சொல்வதைப் பதிவு செய்ய இயலாது என்று வட்டாட்சியரிடம் அமைதியாகத் தெரிவித்தார்.

"ஆட்சேபண சொல்ல வரல. சந்தேகம் கேக்க வந்தேன்" என்றாள் ஜான்சி. "படிச்சவங்க எப்பவாவதுதான் ஊருக்கு வர்றாங்க. வந்தப்பவே கேட்டுக்கணும்ல."

கூட்டத்தில் எங்கோ ஒரு சிறு சிரிப்பு எழுந்து அடங்கியது. கேளும்மா என்று அப்பாதுரை அனுமதித்தார்.

"எல்லார் எதிர்லயும் நின்னு சொன்னாதான் செல்லும், உள்ள போயி சாமிகிட்ட சொன்னா செல்லாது. அதானே டாக்டர் சார் உங்க ரூலு?"

"ஆமா."

"இதே கோவில்ல எனக்கு ரெண்டு ஓலை வாசிச்சாங்க. மூணாவது வாசிக்கல. எவனோ உள்ள போயி சொன்னான். வெளிய வந்து நின்னு ஒருத்தனும் சொல்லல. அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்டி செல்லுச்சு?"

 ஊர் தன் மூச்சுக்கு உள்ளேயே வைத்திருந்த ஒன்றை அவள் ஒலிபெருக்கியின் முன்னே போட்டுவிட்டாள்.

கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் இருக்க டாக்டர் சார்லஸால் ஒருநாளும் முடிந்ததில்லை. எத்தனையோ கருத்தரங்குகளில் அவரை மடக்க எண்ணியோர் இப்படித்தான் கேட்டனர். அவர்களையெல்லாம் வகுப்பறை மாணவர்களாக்கி உட்கார வைத்தவர் அவர். இப்போதும் அந்தக் குரலே வந்தது.

"ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆட்சேபணைல ரெண்டு வகை இருக்கு. வேண்டாம்னு வெறுமன சொல்றது ஒண்ணு. காரணத்தோட சொல்றது ஒண்ணு. இவங்க சொன்னது முதல் வகை. அன்னிக்கு சொன்னது ரெண்டாவது வகை. மாப்பிள்ளைக்குக் காரைக்கால்ல ஏற்கெனவே ஒரு பொண்ணும் கொழந்தையும் இருந்துது. அப்படி ஒரு காரணம் இருந்தா, எங்க சொன்னாலும் அத எடுத்துக்க வேண்டியது சாமியாரோட கடமை. அதனால அது செல்லும்."

விடை செவ்வையாக அமைந்துவிட்ட நிறைவுடன் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

 ஜான்சி மிகத் தாழ்ந்த குரலில் பேசினாள். ஒலிபெருக்கி அதையும் ஊருக்குக் கொடுத்தது.

"காரணம் இன்னான்னு எனக்கே தெரியாதுண்ணா. அப்பா படுக்கையில இருந்துக்கினே கேட்டாரு, சாமி சொல்லல. நான் கால்ல வுழுந்து கேட்டேன், அப்பவும் சொல்லல. அப்ப இருந்த சாமி செத்துட்டாரு. சொன்னவனுக்கும் கேட்ட சாமிக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம் அது. உனக்கு யாரு சொன்னா?"

அவர் கை மறுபடியும் கண்ணாடிக்குப் போயிற்று. ஜான்சி விடவில்லை.

"காரைக்கால்ல இருந்தது அவரு அக்கா. புருசன் செத்து, கைக்கொழந்தய வெச்சிக்கினு தம்பி ஊட்டுக்கு வந்தாங்க. எனக்கு நாத்தனார் ஆகவேண்டியவங்க. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"நான்... எனக்கு வந்த தகவல்..." என்றார் டாக்டர் சார்லஸ்.

"தகவலாம்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அளம் வைத்திருக்கும் ஞானாம்பாளின் குரல் அது. ஜான்சியின் தோழி, அன்று பட்டுச் சேலை கட்டிவிட்டவளும் அவளே. "தங்கச்சி கட்டிக்கினு போயிட்டா படுத்துக் கெடக்குற அப்பன யாரு பாக்கறது, அளத்த யாரு பாக்கறது, டில்லிக்கு யாரு போறது? நல்ல தகவல்தான்யா வந்துருக்குது உனக்கு."

ஜெனிதா தந்தையின் முகத்தைப் பார்த்தாள். ஞானாம்பாள் சொன்னதை அவர் மறுப்பார் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நேர்செய்துகொண்டிருந்தார்.

அறைக்குள் சொன்ன ஒற்றைச் சொல் என்ன செய்யும் என்பதை அன்று அந்த ஊர் கண்ணெதிரே கண்டுகொண்டது. ஞானாம்பாள் முன்னே வந்தாள். மேசையின்மேல் இரு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"மேற்கால அளம், குத்தகை என் பேர்லதான் இருக்குது. ஞானாம்பாள்னு எழுதுங்க. குடுக்க மாட்டேன். உள்ள போயி சொல்றதெல்லாம் இன்னியோட போச்சு. இங்கயே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க."

அப்பாதுரை எழுதினார். எழுதி முடிப்பதற்குள் அவளுக்குப் பின்னே இன்னொருவர் நின்றார். அவருக்குப் பின்னே மற்றொருவர். சிலருக்குக் குரல் எழும்பவில்லை. ஒலிவாங்கியை வாயருகே இழுத்துக்கொண்டனர். சிலர் தேவைக்கு மேல் கத்தினர். ஒருவர் ஆட்சேபணையைச் சொல்லிவிட்டு, பழக்கத்தால் சிலுவை வரைந்துகொண்டார். மற்றோர் அம்மையார் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, உன்னைப் படிக்க வைக்க உன் அப்பன் இந்த உப்பைத்தானே விற்றான் என்று கேட்டுவிட்டுப் போனார்.

டாக்டர் சார்லஸின் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. சென்னையிலிருந்து அழைப்பு. அவர் அதை எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். விதி தோற்றுவிட்டது என்று அவர் சொல்ல முடியாது. அது எழுதப்பட்டபடியே நடந்துகொண்டிருந்தது.

வரிசை குறைந்தது. அப்பாதுரை கோப்பில் ஒவ்வோர் அளமாக விரல்வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். எல்லா அளங்களுக்கும் எதிரே ஆட்சேபணை ஏறியிருந்தது. ஓர் இடத்தில் விரல் நின்றது. மதகு இருக்கும் அளம்.

அவர் அந்தப் பெயரை வாசிக்கும் முன்பே ஜெனிதா முன்னே வந்தாள்.  

"குத்தகைதாரர் சார்லஸோட வாரிசு நான். பேரு ஜெனிதா. அந்த அளத்துக்கு நான் ஆட்சேபிக்கிறேன்."

ஜான்சி மருமகளின் கையைப் பற்றிக்கொண்டாள். அப்பாதுரை பேனாவை உயர்த்தியபடி நாற்காலியின் பக்கம் திரும்பினார். விதியில் வாரிசு என்ற சொல் இருக்கிறது, ஆனால் குத்தகைதாரர் உயிருடன் இருக்கையில் வாரிசு சொன்னால் செல்லுமா, எழுதியவரே கூறவேண்டும் என்று மிகுந்த பணிவுடன் கேட்டார்.

டாக்டர் சார்லஸ் மகளை நேராகப் பார்த்தார். வாசிப்பு தொடங்கியது முதல் அவள் மீது திரும்பாத பார்வை அது.

"செல்லாது" என்றார். "குத்தகைதாரர் வர முடியாத நெலமைல இருந்தாதான் வாரிசு பேசலாம். இங்க அவர் நேர்லயே இருக்கார்."

"உங்களுக்கு அது ஒண்ணுதான் முக்கியம் இல்லப்பா?" என்றாள் ஜெனிதா.

 அப்பாதுரை மகளையும் தந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர், வேறு வழியில்லாதவராக, கோப்பைத் தம் பக்கமிருந்து திருப்பி வைத்தார்.

"அப்படின்னா சார்... உங்களத்தான் கேக்கணும்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிபெருக்கியில் எழுத்துப்படியே வாசித்தார். "இருதயநாதன் மகன் சார்லஸ். மதகடி அளம். ஆட்சேபணை உண்டா, இல்லையா?"

ஊர் முழுவதும் தன் குரலைச் சொல்லி முடித்துவிட்டு நின்றது. அந்த முற்றத்தில் இன்னும் வாய் திறவாதவர் ஒரே ஒருவர். அவர் வாய் திறவாவிட்டால் அந்த அளம் இசைவுடன் போய்விடும். அதன் மதகு போய்விடும். மற்ற அளங்களுக்கு எதிரே எழுதப்பட்ட ஆட்சேபணைகள் எல்லாம், நீர் ஏறாத வெறும் மண்ணுக்கு எழுதப்பட்டவை ஆகிவிடும்.

சட்டைப் பையில் கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. இம்முறை அவர் எடுக்கவில்லை.

ஒரு குத்தகைதாரருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அவர் தம் விதியில் வரையறுத்திருக்கவில்லை. ஆகவே அப்பாதுரை காத்திருந்தார்.

"எழுந்து நின்னு சொல்லுங்க டாக்டர் சார்" என்றாள் ஜான்சி. "உக்காந்துக்கினு சொன்னா செல்லாது."

டாக்டர் சார்லஸ் நாற்காலியின் கைப்பிடிகளை இரு கைகளாலும் இறுகப் பற்றினார். எழுவதற்காகவா, எழாமல் இருப்பதற்காகவா என்பது அருகில் நின்ற மகளுக்கே தெரியவில்லை.